உலோகப் பல்லின் நிழல்

இப்போதெல்லாம் ஆள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுகிற பழக்கமே ஒழிந்துபோய்விட்டது. ரயில்வே கவுண்டரில் கேட்டாலும் பெட்டியைப் பார்க்கிறான், தாலுகா ஆபீஸில் கேட்டாலும் பெட்டியைப் பார்க்கிறான். எதிரே நிற்கிறவன் வாயில் நுரை தள்ளி விழுந்தால்கூட, இருங்க, அப்படி ஒண்ணும் இதுல வரலையே என்பான் போலிருக்கிறது. கேட்கிறவன் மேல் ஒரு கண்ணாவது இருக்க வேண்டாமா?

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்து ஸ்கேன் சென்டரில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லப்பன் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு வந்தவர். பத்தே முக்கால் ஆகியும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிரபாவதி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எல்லப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டின கை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிக்க அரை நாள் ஆகும். எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் "நீ பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. வெட்டு உத்தரவு வந்துவிட்டது என்று ஆலைக்காரன் நேரில் வந்து சொன்னாலும், சீட்டைக் கையில் வாங்கி நம்பரைப் பார்க்காமல் கத்தியை எடுத்தவரில்லை. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையன் பத்தாவது பாஸ் என்று சொன்னதற்குச் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தவர். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

அவர் வீட்டுக்காரி குப்பம்மாள் இருபது நாளைக்கு முன்னால் மாட்டுக்கொட்டகையிலிருந்து குனிந்து வெளியே வந்தவள், ஓர் அடி முன்னதாகவே நிமிர்ந்துவிட்டாள். உத்தரத்தில் தலை இடித்தது. ரத்தம் வரவில்லை. உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு சாணி அள்ளப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துத் தலைவலி வந்தது. பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி. ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"இன்னாடி, கை வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. கை எங்க இருக்குதுன்னே தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாயில் ஒரு பக்கம்தான் வந்தது.

அன்றைக்கே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து டாக்டர் சேஷகிரியின் நர்சிங் ஹோமில் சேர்த்தார். புதன்கிழமை காலையில் இந்த சென்டரில்தான் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் டாக்டர் கைக்கு வந்தது. ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது, ரத்தம் பத்தவில்லை, சத்து மாத்திரை போதும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சீட்டும் எழுதியாகிவிட்டது.

ஆனால் வியாழக்கிழமை காலையில் குப்பம்மாள் எழுந்திருக்கவில்லை. தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்தாள். துணைக்கு இருந்த மகள் வசந்தியைப் பார்த்து, செத்துப்போய்ப் பதினைந்து வருஷமான தன் தங்கை பேரைச் சொல்லி, "அம்சா, மாட்டை அவுத்துக் கட்டினியா" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனாள். எல்லப்பன் நேரே டாக்டர் அறைக்குப் போனார்.

"ராத்திரி குடுத்த தூக்க மாத்திரை கொஞ்சம் கூடுதலா போயிருக்கும்ங்க" என்றார் சேஷகிரி. நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு மெட்ராஸ் டாக்டரே எழுதியிருக்காங்க. தோ பாருங்க. மேல் தாடையில இடது பக்கம் உலோகப் பல்லு கட்டியிருக்காங்க இல்ல, அதோட நிழல் கொஞ்சம் விழுந்திருக்கு. மத்தபடி எல்லாம் சரி."

"யாருக்குப் பல்லு கட்டியிருக்குது?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தான்."

"டாக்டரே, அவளுக்கு மேல இடது பக்கம் பல்லே இல்ல. வெத்தலை போட்டுப் போட்டுக் கொட்டிப்போச்சு. பொன்னும் கட்டல, பித்தளையும் கட்டல. நாப்பத்தஞ்சு வருசமா அந்த வாயைத்தான் பார்த்துகினு இருக்கறேன்."

சேஷகிரி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் குப்பம்மாள், வயது அறுபத்திரண்டு, தேதி நேற்றையது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலைப்படம் படிக்கிற வித்தை தனக்கு அவ்வளவாக வராது என்று ஒப்புக்கொண்டார். "சந்தேகம்னா சென்டர்லயே போய் கேட்டுட்டு வந்துடுங்க. மத்தியானம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

அப்படித்தான் எல்லப்பன் ரிப்போர்ட்டையும் படக்கவரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தது.

"ஏம்மா, நான் ஒருத்தன் இருக்கறது தெரியுதா இல்லியா?"

பிரபாவதி அப்போதுதான் திரும்பினாள். "சொல்லுங்க தாத்தா."

அவர் பல் கதையைச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மெட்ராஸ்ல ஸ்பெஷல் டாக்டர் பார்த்து எழுதறது தாத்தா. அவங்க தப்பா எழுத மாட்டாங்க."

"அவங்க எந்தப் படத்தைப் பார்த்து எழுதினாங்க?"

"உங்க படத்தைத்தான்."

"நீ பார்த்தியா?"

உள்ளேயிருந்து மெஷின் ஓட்டுகிற கஜபதி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முப்பது வயதிருக்கும், பொதட்டூர்ப்பேட்டைக்காரன், பேச்சில் பாதி தெலுங்கு வாடை அடிக்கும். "இன்னா நைனா, சண்டை போட்டுகினு இருக்கறே?"

"சண்டை இல்லப்பா. கேள்வி."

கஜபதிக்குக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். பதில் சொல்லித் தன் விவரத்தைக் காட்டிக்கொள்ள வசதி. மேசைக்கடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காலால் சுட்டினான். "இங்க எடுக்கற படம் எல்லாம் இது வழியா மெட்ராஸ் ஆபீசுக்குப் போவுது. வி.பி.என்.னு பேரு. ரோட்டுல எல்லாரும் போறாப்பல போகாது. நமக்கும் அவங்களுக்கும் மட்டும் தனியா ஒரு சுரங்கம் தோண்டினாப்பல. அந்தப் பக்கம் ஒரு ஃபோல்டர் இருக்குது. நம்ம அறையில உக்காந்துகினே அவங்க பீரோவைத் திறந்து வெக்கறோம், எடுக்கறோம். அவ்ளோதான்."

"சுரங்கத்துக்குள்ள போனது அந்தப் பக்கம் வெளிய வந்துச்சான்னு எவன் நின்னு பார்த்தான்?"

"வராம ரிப்போர்ட் எப்டி வரும் நைனா?"

பிரபாவதி ஒரு பெருமையோடு சேர்ந்துகொண்டாள். "அதுவும் பூஜை முடிஞ்சதுலேர்ந்து ரொம்ப சீக்கிரம் வருது தாத்தா. முன்னெல்லாம் படம் அனுப்பி மூணு மணி நேரம் காத்துகினு இருக்கணும். இந்த வாரம் போய்ப் பார்த்தா ரிப்போர்ட் ரெடியா இருக்குது. உங்களுதுகூட, படம் எடுத்து முடிக்கறதுக்குள்ளயே வந்து கிடந்துச்சு."

எல்லப்பன் அவள் சொன்னதை வாய்க்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ளேயே. குப்பம்மாள் அந்த வளையத்துக்குள் தலையை வைத்துப் படுத்திருந்தபோதே, அவள் தலைக்குள் ஒன்றுமில்லை என்று எழுதின காகிதம் எங்கேயோ தயாராகக் காத்திருந்திருக்கிறது.

"அந்தக் காகிதத்தை இப்ப எனக்குக் காட்டு" என்றார்.

மெட்ராஸிலிருந்து காகிதம் என்று எதுவும் வருவதில்லை. மெட்ராஸ் டாக்டர் நம்பர் மட்டும் போட்டு நாலு வரி எழுதி அந்த ஃபோல்டரில் வைப்பார். பேர், வயது, தேதி எல்லாம் பிரபாவதி தன் நோட்டைப் பார்த்துத் தானே அடித்து, சென்டர் பேர் போட்ட தாளில் எடுத்துக் கொடுப்பாள். அதுதான் அங்கே வழக்கம். அவள் ஃபோல்டரைத் திறந்தாள். வரிசையாக எண்கள். ஏழு என்று போட்டிருந்ததைத் தொட்டாள்.

"தோ. உங்க நம்பர் ஏழு. ரிப்போர்ட்டும் ஏழு."

எல்லப்பன் எழுந்துபோய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். எழுத்து புரியவில்லை. ஏழுக்கு நேராக, தள்ளி, இன்னும் சில எண்கள் இருந்தன.

"இது இன்னாம்மா? பதினொண்ணு, கோடு, எட்டு, கோடு?"

"அது தேதி தாத்தா. எழுதி வெச்ச தேதி."

"எட்டுன்னா எட்டாம் மாசம்தானே?"

பிரபாவதி அந்தத் தேதியை மறுபடியும் பார்த்தாள்.

"எட்டாம் மாசம் எங்கூட்டுக்காரி தலையை இடிச்சிக்கவே இல்லியேம்மா."

கஜபதி மேசையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தான். பிரபாவதி ஆறைத் தொட்டாள். அதுவும் எட்டாம் மாதம். எட்டைத் தொட்டாள், ஒன்பதைத் தொட்டாள். எல்லாம் எட்டாம் மாதம்தான், சென்டர் திறந்த புதிதில் எழுதினவை.

"பூஜைக்குப் புது நோட்டு போட்டோம்ல அண்ணா, அதுல பதினோரு பேர் ஆயிட்டாங்க" என்றாள் கஜபதியிடம்.

ஊரில் எல்லாக் கடையிலும் செய்வதுதான். ஆயுத பூஜைக்குப் புது நோட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, விஜயதசமியன்று ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர்களும் ஸ்கேன் நம்பரை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். மெட்ராஸுக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய ஒன்று முதல் பதினொன்று வரைக்குமான ரிப்போர்ட்டுகள் ஃபோல்டரில் அப்படியே கிடந்தன.

"சரி, பழைய ஏழு அதுன்னா, என் ஏழு எங்க?" என்றார் எல்லப்பன்.

கஜபதி மெட்ராஸ் ஆபீசுக்குப் போன் போட்டான். கம்ப்யூட்டர் லைன்களைப் பார்த்துக்கொள்கிற பரத்வாஜ் என்பவர் கிடைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தக் குரலுக்கு அவசரமே இல்லை.

"திருத்தணியா? என்ன, லீவெல்லாம் முடிஞ்சுதா?"

"லீவு இல்ல சார். திங்கட்கிழமையிலேர்ந்து படம் அனுப்பிகினுதான் இருக்கறோம்."

"திங்கட்கிழமையிலேர்ந்தா? இங்க ஒண்ணுமே வரலையே. சனிக்கிழமை வந்ததுதான் கடைசி. பண்டிகைக்கு மூடியிருக்கீங்கன்னு நினைச்சோம்."

பிரபாவதி கண்ணை மூடித் திறந்தாள். "சார், ஃபோல்டர் நல்லா திறக்குது சார். உள்ள எல்லாம் தெரியுது. நேத்து நான் வெச்ச படம்கூட இருக்குது."

"சரி, ஒரு காரியம் பண்ணலாம். நான் இங்க அதே ஃபோல்டரைத் திறந்து வெச்சிண்டிருக்கேன். இப்ப அதுல ஒரு ஃபைல் போடறேன். என் பேர் வெச்சு. போட்டாச்சு. தெரியறதா?"

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"இல்ல சார்."

"இப்ப நீங்க ஒண்ணு போடுங்க. உங்க பேர்ல."

பிரபாவதி போட்டாள். அவள் பேர் திரையில் பளிச்சென்று வந்து நின்றது. "போட்டுட்டேன் சார். இருக்குது."

"இங்க இல்லை" என்றார் பரத்வாஜ். இந்தத் தடவை அந்தக் குரலில் அவசரம் இருந்தது. "மேடம், நீங்க பார்க்கறது எங்க ஃபோல்டரே இல்லை. உங்க கம்ப்யூட்டர் கடைசியா லைன் இருந்தப்போ எடுத்து வெச்ச நகல். லைன் போனாலும் வேலை நிக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு வசதி. நீங்க வெச்ச படமெல்லாம் உங்க மெஷின்லயேதான் கிடக்கு."

எல்லப்பனுக்கு அந்தப் பேச்சில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாயிருந்தது. ஒரே அறை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இரண்டு அறையில் நிற்கிறார்கள். ஒருத்தர் இருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியவில்லை. நாலு நாளாக இந்தப் பெண் யாரும் இல்லாத ஓர் அறைக்குள் ஆள் ஆளாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த அறையும் வெறுமனே இல்லாமல், கேட்டபோதெல்லாம் யாரோ ஒருத்தருடைய பதிலை எடுத்து நீட்டியிருக்கிறது.

"பெட்டியில விளக்கு பாருங்கோ" என்றது போன். "மூணு பச்சை விளக்கு எரியணும். மூணாவதுதான் வெளியில போற லைன்."

கஜபதி குனிந்தான். "ரெண்டு எரியுது சார்."

"மூணாவது?"

"அது மேல சந்தனம் வெச்சிருக்குது சார்."

"என்னது?"

"பூஜைக்குப் பொட்டு வெச்சோம் சார். எல்லா மிஷினுக்கும் வெச்சோம். அதுவா உதிர்ற வரைக்கும் துடைக்கக் கூடாது."

கஜபதி கையை நீட்டவில்லை. பொட்டைத் துடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. எல்லப்பன் முட்டி போட்டு மேசைக்கடியில் தலையை விட்டார். கட்டைவிரல் நகத்தால் காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்துச் சுரண்டினார். அடியில் விளக்கு இருந்தது. எரியவில்லை.

"செத்துக் கிடக்குது" என்றார்.

அப்புறம் பரத்வாஜ் ஒவ்வொரு ஒயராகக் கேட்டார், கஜபதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னான். பூஜைக்கு முந்தின நாள் எல்லா ஒயரையும் பிடுங்கி, ஈரத் துணியால் துடைத்து, மறுபடியும் சொருகியிருக்கிறான். ஒரே மாதிரி ஓட்டைகள் அஞ்சு இருந்தன. தனியாகத் தள்ளியிருந்த ஓட்டையில் சொருக வேண்டிய ஒயர், மற்றவற்றோடு வரிசையில் அழகாகச் சொருகப்பட்டிருந்தது. மாற்றிச் சொருகினான். மூன்றாவது விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு நிலைத்தது.

"வந்துடுச்சு" என்று கஜபதி மூச்சு விட்டான்.

திரையில் ஒரு சின்னச் சட்டம் எழும்பி நின்றது. பிரபாவதியின் கை அதை மூடப் போனது.

"இன்னாம்மா கேக்குது அது?" என்றார் எல்லப்பன்.

"இங்க ஒரு மாதிரி இருக்குது, அங்க ஒரு மாதிரி இருக்குது, எதை வெச்சுக்கட்டும், எதை அழிக்கட்டும்னு கேக்குது தாத்தா."

"கேக்குதா? அப்ப அதுக்கே தெரியல. கையை எடு."

அவள் எடுத்துவிட்டாள். பரத்வாஜும் போனில் அதையேதான் சொன்னார். எதையும் அமுக்காதீங்க, முதலில் படங்களை எல்லாம் ஒரு சி.டி.யில் தனியாக எடுத்து வையுங்கள், அப்புறம் ஏழாம் நம்பரை மட்டும், பழைய ஏழோடு கலக்காதபடி, வேறு பேர் போட்டு அனுப்புங்கள் என்றார். எல்லப்பன் அந்த சி.டி.யில் இன்னொன்று தனக்கும் வேண்டும் என்றார். கொடுக்கிற வழக்கமில்லை என்று கஜபதி ஆரம்பித்தான். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

படம் போக இருபது நிமிஷம் ஆனது. திரையில் நீலக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. அந்த இருபது நிமிஷத்தில் வசந்தி நர்சிங் ஹோமிலிருந்து ஒருமுறை போன் பண்ணினாள். அம்மாவை எழுப்பினால் முனகுகிறாளே தவிர கண்ணைத் திறக்கவில்லை என்றாள். டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அடித்துப் பார்த்தாராம்.

"சீட்டைக் கிழிச்சிப் போடச் சொல்லு" என்றார் எல்லப்பன். "வூட்டுக்குப் போகல. நான் வந்துகினே இருக்கறேன்."

"இங்க வந்துடுச்சு" என்றார் பரத்வாஜ் போனில். "டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். பார்த்துண்டிருக்காங்க."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பெண்குரல் வந்தது. டாக்டர் காமேஸ்வரி என்று சொல்லிக்கொண்டார்.

"இந்த ஏழாம் நம்பர் பேஷன்ட் இப்போ எங்க இருக்காங்க? அவங்க கூட யாராவது இருக்கீங்களா?"

"நான்தான் இருக்கறேன்ங்க. எங்கூட்டுக்காரி. ஆனா நீங்க ஒண்ணும் சொல்றதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கணும்."

"ஐயா, அவசரம்ங்க..."

"அதுக்குத்தான் கேக்கறேன். நீங்க பார்க்கற படத்துல பல்லு எப்டி இருக்குது?"

பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் என்ன நடந்தது என்று பரத்வாஜ் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"இருங்க, முதல் படத்துல தெரியும்" என்றார் காமேஸ்வரி. "மேல் தாடை இடது பக்கம் காலி. ஒரு பல்லும் இல்லை. கீழ முன்னால நாலு இருக்கு. உலோகம் எதுவும் இல்லை. சரியா?"

"ஆங்" என்றார் எல்லப்பன். "அது அவதான். சொல்லுங்க."

மண்டை ஓட்டுக்கு உள்ளே, இடது பக்கம், ரத்தம் கட்டி மூளையை ஒரு பக்கமாக நெட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்தது. இன்றைக்கே திறந்து எடுக்க வேண்டும். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குத் தான் பேசிவிடுவதாகவும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். நேற்றே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

கஜபதி ஓடிப்போய் ஆம்புலன்சுக்குச் சொன்னான். பிரபாவதி அழுதுகொண்டே ஏதோ தட்டினாள். பக்கத்திலிருந்த பிரின்டர் முனகி ஒரு தாளைத் துப்பியது. அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது இப்ப வந்த ரிப்போர்ட் தாத்தா. சரியானது. எடுத்துகினு போங்க."

எல்லப்பன் அந்தத் தாளைப் பார்த்தார். அதே தலைப்பு, அதே தாள், அதே பேர், அதே வயது. நேற்று வந்ததும் பார்வைக்கு இப்படியேதான் இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. படக்கவரையும் சி.டி.யையும் மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சு நைனா" என்றான் கஜபதி. குரல் கெஞ்சியது. "மூணு விளக்கும் எரியுது பார்."

"நேத்தும் எல்லாம் சரின்னுதான் சொன்னே. இதே மூஞ்சியை வெச்சிகினுதான் சொன்னே."

"தெரியாம நடந்துடுச்சு."

"பதினோரு பேருக்கு எடுத்தீங்களே. மீதிப் பத்துப் பேரு இன்னா ஆனாங்க?"

பிரபாவதி புது நோட்டைப் பிரித்தாள். மஞ்சள் தடவின அட்டை. ஒன்றாம் நம்பர் கனகம்மாசத்திரம் டீக்கடைக்காரர், நெஞ்சு. ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். மூன்றாம் நம்பருக்கு என்னவோ இருக்கிறது என்று வந்ததால் அழுதுகொண்டே வேலூருக்குப் போனார்கள். நாலாம் நம்பர் மனோரமா, ஆர்.கே.பேட்டை, தறிக்காரர் வீட்டுப் பெண், ஆறு மாத கர்ப்பம், கீழே விழுந்ததற்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தது. அவளுக்கு நேராகப் போன் நம்பர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"போன் இருக்கறவங்களுக்கு இப்பவே பேசிடறோம் தாத்தா" என்றாள் பிரபாவதி.

"இல்லாதவங்களுக்கு?"

"ஆளை அனுப்பறோம்" என்றான் கஜபதி. "நாங்க பார்த்துக்கறோம், நீ போ நைனா. நேரமாவுது."

அவன் அதைச் சொல்லும்போது எல்லப்பனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அந்தச் சட்டம் இன்னும் மூடப்படாமல் நின்றது, எதை வைத்துக்கொள்ளட்டும், எதை அழிக்கட்டும் என்று கேட்டபடி. பிரபாவதி போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டு என்ன சொல்லுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் காலையிலிருந்து காத்திருந்த இரண்டு பேர் தங்கள் முறை எப்போது என்று எட்டிப் பார்த்தார்கள். கஜபதி அவர்களை உள்ளே வரச் சொல்லிக் கையாட்டினான்.

எல்லப்பன் நோட்டின் பக்கம் குனிந்து, நாலாம் நம்பருக்கு நேராக இருந்த வீட்டு நம்பரை மட்டும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முப்பத்தாறு பை இரண்டு. தெருப் பேரைப் படிக்க நேரமில்லை. "அது இன்னா தெருவும்மா?" என்றார். கொல்லத் தெரு என்றாள். அதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் இன்னும் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, தலையில் துணிக்கட்டுப் போட்டவள், அவரைப் பார்த்து, "உள்ள நல்லா பார்க்கறாங்களாங்க?" என்று கேட்டாள்.

"கையில படத்தை வாங்காம நகராதே" என்றார் எல்லப்பன். "பல்லைக் கேளு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் சித்தூர் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் பின்னால் தட்டி, "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவர் அதை நம்பிக் கண்ணாடியைப் பார்க்காமலே வந்தான். எல்லப்பன் அது நிற்கிற வரைக்கும் ஒதுங்கி நின்றுவிட்டு, துண்டில் சுற்றினதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி நர்சிங் ஹோம் பக்கம் வேகமாக நடந்தார். பின்னால் சென்டருக்குள் பிரின்டர் மறுபடியும் முனக ஆரம்பித்தது. அது யாருடைய தாள் என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.